நர்ஸ் விசா ஏன் இழுக்கிறது: ராமநாதபுரம் கரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் வளைகுடாவுக்குப் போய்வந்த ஒருவர் இருப்பார். புதிதாக நர்சிங் முடித்த பெண் முதலில் யோசனை கேட்பதும் அவரிடம்தான். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. "நான் துபாய் போனப்ப பதினஞ்சு நாள்ல விசா வந்துருச்சு, உனக்கு மட்டும் என்ன ஆறு மாசம்?" என்பார் மாமா. மாமா போனது கடை வேலைக்கு. அவருக்கு விசாதான் முதல் காகிதம், நர்ஸுக்கோ அதுதான் கடைசிக் காகிதம். அதற்கு முன்னால் அந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்கு முன்னால் தேர்வு, தேர்வையொட்டிச் சான்றிதழ் சரிபார்ப்பு. இந்த வரிசை புரியாத வீட்டில்தான் "சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்" என்று சொல்கிறவர் சுலபமாக உள்ளே நுழைகிறார்.

பல பெண்களின் ஃபைலைப் புரட்டிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது. இழுவையில் பெரும்பகுதி எம்பசியில் நடப்பதில்லை. நம் வீட்டு பீரோவில் இருக்கும் காகிதங்களில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஏஜென்டைத் தேடுவதற்கு முன் ஃபைலைத் திறந்து வையுங்கள்.

முதல் வேலை: பெயர்

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ, நர்சிங் டிப்ளமோ அல்லது டிகிரி, நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட். ஆறையும் வரிசையாக வைத்து, ஆங்கிலத்தில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

இன்ஷியல் வைக்கும் நம் பழக்கம் வெளிநாட்டுக் கணினிக்குப் புரியாது. மார்க் ஷீட்டில் "எஸ். ஆரோக்கிய மேரி" என்று இருக்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது இன்ஷியலை விரித்து "ஆரோக்கியமேரி சேசுராஜ்" ஆகியிருக்கும், அதுவும் இரண்டு சொல் ஒன்றாக ஒட்டி. கவுன்சில் சான்றிதழில் இன்ஷியல் பின்னால் போயிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். தங்கச்சிமடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வேறொரு நாட்டில் உட்கார்ந்து சரிபார்க்கிறவருக்கு அது மூன்று ஆள், அல்லது ஒருவர் சான்றிதழை இன்னொருவர் பயன்படுத்துகிறார் என்ற சந்தேகம். பாத்திமா, முகம்மது போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று உங்களுக்கே தெரியும். தந்தை பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கேள்வி வரும்.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டை அதற்கு இணங்கச் சரிசெய்வதுதான் பெரும்பாலும் எளிது. நம் மாவட்டத்துக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் மதுரை. எழுத்துப்பிழை அளவில் இருந்தால் நோட்டரி அஃபிடவிட் போதும் என்று ஏற்கிற இடங்கள் உண்டு. பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புப் போடுவதுதான் நிலைத்து நிற்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கிறவர்கள் அதையும் இப்போதே கவனியுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருகிறவர்களுக்கு 2022 நவம்பரில் அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது, விமான கவுன்டர்களிலேயே பலரைத் திருப்பி அனுப்பினார்கள்.

இன்னொன்று, கல்யாணம். சரிபார்ப்பு பாதியில் இருக்கும்போது நிக்காஹ் முடிந்து, கணவர் பெயரைச் சேர்த்துப் புதுப் பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறார்கள். பழைய பாஸ்போர்ட் எண்ணில் ஓடிக்கொண்டிருந்த விண்ணப்பம் அப்படியே நிற்கும். கணவர் பெயரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. விசா கைக்கு வரும்வரை பாஸ்போர்ட்டைத் தொடாதீர்கள் என்று மாமியார் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்

பொய்ச் சான்றிதழ் என்றால் நாம் நினைப்பது போலி டிகிரியை. நம் பக்கத்தில் நான் அதிகம் பார்த்தது அதுவல்ல, நீட்டி எழுதிய அனுபவம். இரண்டு வருடம் கேட்கிறார்கள், பெண்ணுக்கு இருப்பது பதினாலு மாதம். "மதுரைல நமக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு தங்கச்சி, லெட்டர் வாங்கித் தர்றேன், எல்லாரும் இப்படித்தான் போறாங்க" என்பார் ஏஜென்ட். லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து எல்லாம் கச்சிதமாக வரும்.

சரிபார்க்கிறவர் அந்த சீலைப் பார்த்துத் திருப்திப்படுவதில்லை. அவர் தேதிகளைப் பார்க்கிறார். பணியில் சேர்ந்த தேதி கவுன்சிலில் பதிவான தேதிக்கு முன்னால் இருந்தால், அந்த மாதங்களில் நீங்கள் பதிவு பெற்ற நர்ஸே இல்லை, கணக்கில் சேராது. டிப்ளமோவுக்குப் பிறகு படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை முழுநேரமாகப் படித்த ஆண்டிலேயே வேறு ஊரில் வார்டு டூட்டி பார்த்ததாக லெட்டர் சொன்னால், இரண்டில் ஒன்று பொய். அனுபவக் கடிதத்தில் ஐ.சி.யூ. என்றும், நேர்காணலில் நீங்கள் சொன்னது ஓ.பி. என்றும் இருந்தால் அதுவும் குறிக்கப்படும். பிறகு நேரடியாக ஆஸ்பத்திரிக்கே மின்னஞ்சல் போகும், போன் போகும். அங்கே ரிசப்ஷனில் புதிதாக வந்த பெண் "அப்படி யாரும் இங்க வேலை பாக்கலையே" என்றால் கதை முடிந்தது.

உண்மையான அனுபவம் உள்ளவர்களும் இங்கேதான் மாட்டுகிறார்கள். ராமநாதபுரம், பரமக்குடியில் இருபது படுக்கை நர்சிங் ஹோமில் வேலை பார்த்திருப்பீர்கள். அங்கே ஹெச்.ஆர். என்று ஒருவர் கிடையாது, டாக்டரம்மாவின் ஜிமெயில்தான் ஆஸ்பத்திரி மெயில். சரிபார்ப்பு மெயில் ஆங்கிலத்தில், ஏதோ வெளிநாட்டு முகவரியிலிருந்து வந்து ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்து கிடக்கும். நினைவூட்டலும் அங்கேயே விழும். கடைசியில் "சரிபார்க்க இயலவில்லை" என்று அறிக்கை வரும்.

இதற்கு முன்னேற்பாடு இதுதான். விண்ணப்பம் போட்ட அன்றே பழைய ஆஸ்பத்திரிக்கு நேரில் போங்கள். டாக்டரையோ மேனேஜரையோ பார்த்து, இன்ன நிறுவனத்திலிருந்து மெயில் வரும், ஸ்பேமிலும் பாருங்கள் என்று சொல்லி, பதில் போடப்போகிறவரின் பெயரையும் போன் எண்ணையும் எழுதி வாங்குங்கள். லெட்டரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வார்டு, கையெழுத்திட்டவரின் பெயரும் பொறுப்பும், லேண்ட்லைன் எண் எல்லாம் இருக்கவேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய விவரம், பி.எஃப். பாஸ்புக் இருந்தால் எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரியே மூடிவிட்டால் உங்களைக் காப்பாற்றப்போவது இவைதான்.

பதினாலு மாதம்தான் இருக்கிறதென்றால் இன்னும் பத்து மாதம் இங்கேயே வேலை பாருங்கள். பொய் லெட்டரால் வரும் விலை வேறு. வளைகுடா நாடுகளில் லைசென்ஸ் கொடுக்கும் துறைகள் மோசடி என்று முடிவு செய்தால் கறுப்புப் பட்டியலில் வைக்கும். பிரிட்டன் விசா விண்ணப்பத்தில் ஏமாற்றியது தெரிந்தால் பத்தாண்டு வரை விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும். அமெரிக்கச் சட்டத்தில் அது ஆயுளுக்கும் தொடரும் தடை. லெட்டர் வாங்கிக் கொடுத்த ஏஜென்டுக்கு இவற்றில் ஒன்றும் வராது. விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது.

சென்னையில் முடிக்க வேண்டியவை

ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் சென்னை. தமிழ்நாடு நர்ஸுகள், தாதியர் கவுன்சில் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. பதிவைப் புதுப்பித்தல், குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் (பதிவு நடப்பில் இருக்கிறது, புகார் எதுவும் இல்லை என்ற சான்று), வெளிநாட்டுக் கவுன்சிலுக்குப் போகும் சரிபார்ப்பு எல்லாம் அங்கேதான். ஆன்லைனில் எது முடியும், எதற்கு நேரில் வரவேண்டும் என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. படித்தவர்களுக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கிண்டியில். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் கிண்டி தொழிற்பேட்டையில்தான், ஆக ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

குட் ஸ்டாண்டிங்கை ரொம்ப முன்னாலேயே வாங்கி வைக்காதீர்கள், அதற்குக் காலாவதி உண்டு. மெடிக்கலும் அப்படியே. வளைகுடா மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய டி.பி. தழும்பு தெரிந்தாலே "அன்ஃபிட்" போட்டுவிடுகிறார்கள். சின்ன வயதில் டி.பி. வந்தவர்கள், மெடிக்கல் செலவும் மற்ற செலவும் செய்வதற்கு முன் இங்கே ஒரு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

சான்றிதழ் அட்டெஸ்டேஷன் நாட்டுக்கு நாடு மாறும். சவூதி 2022 டிசம்பரிலிருந்து அப்போஸ்டில் முத்திரையை (எம்பசிக்குப் போகாமல் நம் வெளியுறவுத் துறையே போடுவது) ஏற்கிறது, ஓமனும் பஹ்ரைனும் அதற்கு முன்பிருந்தே ஏற்கின்றன. அமீரகத்துக்கு வெளியுறவுத் துறை முத்திரைக்குப் பிறகு எம்பசி முத்திரையும் வேண்டும். தேவையில்லாத முத்திரைக்கெல்லாம் பணம் பிடுங்குகிற டிராவல்ஸ்கள் இருக்கின்றன, எந்த நாட்டுக்கு எது என்று கேட்டுத் தெளிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

போலீஸ் கிளியரன்ஸ் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகத்தான். சாயல்குடிப் பெண் சென்னை ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பாள், பாஸ்போர்ட்டில் ஊர் முகவரி இருக்கும். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் பக்கத்து வீட்டில் "அந்தப் புள்ள இங்க இல்லீங்க" என்று சொல்லிவிடுவார்கள். அறிக்கை பாதகமாகப் போய்விடும். விண்ணப்பித்த வாரத்தில் ஊரில் இருங்கள், முடியாவிட்டால் தற்போதைய முகவரியைச் சரியாகக் கொடுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில், ஒப்பந்தத்திலாவது, இருப்பவர்கள் துறையின் தடையில்லாச் சான்று விஷயத்தை முதலிலேயே விசாரியுங்கள். அது கடைசி நேரத்தில் ஓடி வாங்குகிற காகிதம் அல்ல.

சரிபார்ப்பு எப்படி நடக்கிறது

வளைகுடா நாடுகள் பெரும்பாலும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூலம் சான்றிதழ்களைச் சரிபார்க்கின்றன. நீங்கள் கொடுத்த நகலை அவர்கள் ஆராய்வதோடு நிற்பதில்லை. சான்றிதழைக் கொடுத்த கல்லூரியிடம், கவுன்சிலிடம், ஆஸ்பத்திரியிடம் நேராகக் கேட்கிறார்கள். எனவே அவர்கள் வேகம் என்பது நம் ஊர் அலுவலகங்கள் பதில் சொல்கிற வேகம். கல்லூரி ஆபீஸில் கிளார்க் லீவில் போனால் உங்கள் கேஸும் லீவில் போகும்.

இங்கே ஒரு விதி. டேட்டாஃப்ளோ, சவூதியின் லைசென்ஸ் தளமான முமாரிஸ், தேர்வு நடத்தும் புரொமெட்ரிக் என எந்தக் கணக்கானாலும் உங்கள் சொந்த மெயில், உங்கள் சொந்த போன் எண்ணில் நீங்களே திறங்கள். ஏஜென்ட் தன் மெயிலில் திறந்துவிட்டால், "கூடுதல் ஆவணம் வேண்டும்" என்று வந்த கடிதம் உங்களுக்குத் தெரியாமலே கிடக்கும். "டிலே ஆகுது தங்கச்சி, மேல கொஞ்சம் குடுத்தா நகரும்" என்று அவர் சொன்னால், உண்மையில் அது எங்கே நிற்கிறது என்று பார்க்க உங்களுக்கு வழி இருக்காது. ஏஜென்டை மாற்ற நினைத்தாலும் கடவுச்சொல் அவர் கையில். ஏற்கெனவே அப்படித் திறந்திருந்தால் இன்றைக்கே மெயிலை மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

"சரிபார்க்க இயலவில்லை" என்று வந்தால் பதறவேண்டாம். அது மோசடி என்ற தீர்ப்பு அல்ல, கேட்ட இடத்தில் பதில் கிடைக்கவில்லை என்பதுதான். கூடுதல் ஆதாரங்களுடன் மறுபரிசீலனை கேட்கலாம். நேர்மையாக முடிந்த அறிக்கையை வேறொரு வளைகுடா நாட்டுத் துறைக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. துபாய்க்குச் செய்ததை கத்தாருக்கு மறுபடி முழுவதும் செய்யவேண்டும் என்று ஒருவர் கட்டணம் கேட்டால், மாற்ற முடியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சந்தேகம் ஏன் இவ்வளவு என்று சிலர் கோபப்படுகிறார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் மூன்று நர்சிங் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்களை விற்றதாக வழக்கு வந்தது. அதே ஆண்டு நைஜீரியாவின் இபாதான் நகரில் பிரிட்டனுக்கான கணினித் தேர்வு மையமொன்றில் முடிவுகள் இயல்புக்கு மாறாக இருந்ததாகத் தெரியவந்து, அங்கே எழுதியவர்களை மறுபடி எழுதச் சொன்னார்கள். ஒழுங்காக எழுதியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். "எல்லாரும் பாஸ் ஆகிற சென்டர்" என்று யாராவது ஆசை காட்டினால் அந்தச் சென்டருக்குப் போகாதீர்கள்.

ஏஜென்டை எப்படிப் பார்ப்பது

வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்க, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசின் பதிவு வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவுபெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. பெயர் இருந்தால் மட்டும் போதாது, பதிவு நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சப் ஏஜென்ட் என்று சட்டத்தில் ஒரு ஆள் கிடையாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடி அறையில் போர்டு மாட்டியிருப்பவர், சென்னை கம்பெனிக்கு "நம்ம ஆள்" என்று சொல்லிக்கொள்பவர், சொந்தக்காரக் காக்கா (அண்ணன்), எல்லாருக்கும் இது பொருந்தும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பணம் போனால் கேட்க அவரிடம் லைசென்ஸ் இருக்காது.

சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூட்டினால் 35,400. அதற்கு ரசீது உண்டு, கம்பெனி வங்கிக் கணக்கில்தான் கட்டவேண்டும். தனிப்பட்ட ஆளின் ஜி-பே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். 2015-இல் கொச்சியில் ஒரு வழக்கு வந்தது. குவைத் சுகாதார அமைச்சகத்துக்கு நர்ஸ் எடுத்த ஏஜென்சி, 19,500 ரூபாய் வாங்கவேண்டிய இடத்தில் ஆளுக்கு 19.5 லட்சம் வாங்கியது என்று சி.பி.ஐ. குற்றம் சாட்டியது. வேலை உண்மையானது, ஆஸ்பத்திரி உண்மையானது, கட்டணம் மட்டும் நூறு மடங்கு. மோசடி என்றால் இல்லாத வேலையைக் காட்டுவது மட்டும் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். நகையை அடகு வைத்துப் போனவள், அங்கே என்ன கஷ்டம் வந்தாலும் கடன் அடையும்வரை வாய் திறக்கமாட்டாள்.

ஆஃபர் லெட்டர் வந்தால் அதிலிருக்கும் போன் எண்ணை அழைக்காதீர்கள். ஆஸ்பத்திரியின் இணையதளத்தை நீங்களே தேடி, அங்கே உள்ள எண்ணில் கேளுங்கள். விசா காப்பி வந்தால் தொழில் என்று என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். நர்ஸ் என்று பேசிவிட்டு வீட்டுப் பணியாளர் விசா அடித்திருந்தால், போய் இறங்கிய பிறகு லைசென்ஸும் கிடையாது, நர்ஸ் சம்பளமும் கிடையாது. அமீரக விசாவை அந்நாட்டு அரசு இணையதளத்திலேயே எண் போட்டுச் சரிபார்க்கலாம். "விசிட்ல போயிரு, அங்க மாத்திக்கலாம்" என்ற பேச்சுக்கு எந்த நாட்டுக்கும் சம்மதிக்காதீர்கள்.

நாடு வாரியாகச் சில குறிப்புகள்

வளைகுடா: பத்தாம் வகுப்பு முடித்ததால் உங்கள் பாஸ்போர்ட் ஈ.சி.என்.ஆர். வகையாக இருக்கும், குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நர்ஸுக்கு அப்படியில்லை. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் நர்ஸுகளுக்கு 2015-இலிருந்து இ-மைக்ரேட் வழியாக அனுமதி கட்டாயமானது. மேலே சொன்ன அயல்நாட்டு மனிதவள நிறுவனம் போன்ற அரசு நிறுவனங்கள் வழியாக ஆளெடுக்கும் ஏற்பாடும் அப்போது வந்ததுதான். 1978-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் அறிவிப்புகளை அவ்வப்போது பாருங்கள். ஏஜென்டைப் போல வீட்டுக்கு வந்து பேசமாட்டார்கள் என்பதாலேயே நம் பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அனுமதி இல்லாமல் கிளம்பினால் திருச்சி ஏர்போர்ட் இமிகிரேஷனிலேயே திரும்பி வரவேண்டியிருக்கும்.

பிரிட்டன்: ஆங்கிலத் தேர்வு ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தம் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதுகிறவர்களும் அதிகம். வேலை கொடுப்பவரின் பெயர் அரசின் ஸ்பான்சர் பட்டியலில் (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அனுமதி பெற்றவர்கள்) இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். அங்கே உள்ள ஆளெடுப்பு நெறிமுறைப்படி, வேலை வாங்கித் தர நர்ஸிடம் கட்டணம் வாங்கக்கூடாது. ஸ்பான்சர்ஷிப் சான்றை லட்சங்களுக்கு விற்கிறவர் எவரும் சரியானவர் அல்ல. அதோடு, கேர் வொர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதை 2025 ஜூலை 22-இல் நிறுத்திவிட்டார்கள். இன்னும் அந்த விசா தருவதாக வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள்.

ஜெர்மனி: மொழிதான் எல்லாம். ஜெர்மன் மொழியில் பி2 நிலை வரை படிக்கவேண்டும், குறுக்கு வழி கிடையாது. சான்றிதழை விலைக்கு வாங்கிப் போனவர் வார்டில் முதல் ஷிஃப்டிலேயே மாட்டுவார்.

அமெரிக்கா: தேர்வில் தேறினாலும் கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களுக்குப் பத்தாண்டுக்கும் மேல் காத்திருப்பு. ஒரு வருடத்தில் அனுப்புகிறேன் என்பவரிடம் இந்த வரிசையைப் பற்றிக் கேளுங்கள், எப்படி நழுவுகிறார் என்று பாருங்கள்.

காத்திருக்கும்போது

விசா உறுதியாகி உங்கள் கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை ஏஜென்டிடம் கொடுத்து வைக்காதீர்கள், ஸ்கேன் போதும். பாஸ்போர்ட்டும் விசாவுக்குக் கேட்கும் கட்டத்தில் மட்டும்தான் கைமாறவேண்டும், அதுவும் எழுதி வாங்கிக்கொண்டு. ஒரு நோட்டில் எந்தத் தேதியில் எது அனுப்பினோம், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று குறித்து வையுங்கள். "இன்னும் வரலையா?" என்று கேட்கும் உறவினர்களுக்கும் அந்த நோட்டு பதில் சொல்லும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்காராதீர்கள். ஆன்லைனில் அனுப்பிய பணம் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் கணக்கை முடக்க வாய்ப்பு. ராமநாதபுரம் எஸ்.பி. அலுவலகத்தில் மாவட்டக் குற்றப்பிரிவு இருக்கிறது. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். வெளியுறவுத் துறையின் இலவச எண் 1800 11 3090. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காதீர்கள். "பாதிப் பணம் தர்றேன், புகாரை வாபஸ் வாங்குங்க" என்று ஆள் அனுப்புவார்கள். முழுப் பணமும் வங்கிக் கணக்கில் ஏறும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிளம்புகிற வாரத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கும். எல்லாச் சான்றிதழ்களின் நகலும் ஒரு செட் வீட்டில் இருக்கட்டும். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போதே கவுன்சில் பதிவைப் புதுப்பிக்கும் முறை வரும், கல்லூரியில் ஏதாவது கேட்டு நிற்கவேண்டி வரும். அதற்காக அண்ணனையோ தங்கையையோ அம்மாவையோ ஒருவரை முடிவு செய்து, கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் ஒன்றும் உங்கள் ஆதார் நகலும் அவரிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.